பிள்ளை இல்லாத ராஜாவுக்கு அண்ணாமலையார் கொடுக்கும் திதி

தைப்பூசத்தன்று திருவண்ணாமலையில் இருந்தவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். அண்ணாமலையார் ஈசான்ய குளத்துக்குத் தீர்த்தவாரிக்குப் புறப்படும்போது மேளதாளம் அமர்க்களப்படும். குளக்கரையில் அபிஷேகம், தீபாராதனை எல்லாம் முறைப்படி நடக்கும். திரும்பி வரும்போது மட்டும் தவிலும் நாதஸ்வரமும் ஓய்ந்துவிடும். விஷயம் தெரியாத வெளியூர்க்காரர்கள், மேளக்காரருக்கும் நிர்வாகத்துக்கும் ஏதோ தகராறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வதும் உண்டு.

தகராறு ஒன்றும் இல்லை. சுவாமிக்குத் துக்கச் செய்தி வந்திருக்கிறது. அவருடைய அப்பா போரில் இறந்துவிட்டார்.

அடிமுடி காண முடியாமல் பிரம்மாவும் விஷ்ணுவும் தோற்றுப்போன ஊர் இது. அப்படிப்பட்டவருக்கு அப்பா ஏது என்று கேட்டால், தேரடி வீதியில் தேங்காய் விற்கிறவர் கூட வல்லாள மகாராஜா என்று பதில் சொல்லிவிடுவார். தைப்பூசத்தில் செய்தி வருகிறது. ஒரு மாதம் கழித்து, மாசி மகத்தன்று, சுவாமி பக்கத்திலுள்ள பள்ளிகொண்டாப்பட்டுக்குப் புறப்பட்டுப் போய், கௌதம நதிக்கரையில் அந்த ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். தர்ப்பை, எள், பிண்டம், தண்ணீர் என்று நம் வீட்டுத் திதிக்கு என்னென்ன உண்டோ அவ்வளவும் உண்டு. சிவாச்சாரியார்கள் நடத்திவைக்கிறார்கள்; கர்த்தா அண்ணாமலையார். அன்று தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அங்கேயே எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுப் போகிறவர்கள் நிறைய. சுவாமியே செய்கிற இடத்தில் நாமும் செய்வதற்கு என்ன என்பது அவர்கள் கணக்கு.

வல்லாளனின் கதை அருணாசல புராணத்தில் இருக்கிறது. கேட்டதை இல்லை என்று சொல்லாத ராஜா. எல்லாம் இருந்தும் கொள்ளி போட ஒரு பிள்ளை இல்லை. சோதிக்க வந்த சிவன் சிவனடியார் வேடத்தில் அரண்மனைக்கு வந்து, தனக்கு ஒரு பெண் துணை வேண்டும் என்கிறார். ஊரிலுள்ள தாசியர் வீடுகளில் எல்லாம் சிவகணங்களே முன்கூட்டி ஆள்வேடத்தில் போய் உட்கார்ந்துவிட்டதால் ராஜாவின் ஆட்கள் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். கொடுத்த வாக்கு தப்பக்கூடாது என்று இளையராணி சல்லமாதேவி தானே முன்வருகிறாள். தூங்குவதுபோல் கிடக்கும் அடியாரை அவள் தொட்டதும், கட்டிலில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. ராஜா ஓடிவந்து வாரி எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். சற்று நேரத்தில் குழந்தை மறைகிறது. ரிஷபத்தின் மேல் காட்சி தந்த சிவன், உனக்குப் பிள்ளையாக நானே இருந்து கடைசிக் காரியங்களைச் செய்வேன் என்று வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கைத்தான் இன்றுவரை வருஷம் தவறாமல் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

இது புராணம். சரித்திரத்தில் இருப்பவர் ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளர். 1292-ல் பட்டத்துக்கு வந்தவர். 1311-ல் மாலிக் காபூர் படையெடுப்பு, அதன் பிறகும் டில்லியின் தாக்குதல்கள் என்று துவாரசமுத்திரம் நிலைகுலைந்த பிறகு திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்துக்கொண்டு ஆண்டார். ராஜகோபுரம் தாண்டி உள்ளே போனால் அவர் பெயரிலேயே ஒரு கோபுரம் நிற்கிறது. மதுரை சுல்தான்களோடு நடந்த போரில் திருச்சிக்குப் பக்கத்தில் கண்ணனூரில் 1342-ல் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு எண்பது வயது என்கிறார் மொரோக்கோவிலிருந்து வந்த பயணி இபன் பதூதா. உயிரோடு விடுவதாக ஆசை காட்டி, யானை, குதிரை, பணம் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்ட பிறகு சுல்தான் அவரைக் கொன்று, தோலை உரித்து, வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டார். அதைத் தாமே பார்த்ததாகப் பதூதா எழுதிவைத்திருக்கிறார்.

எண்பது என்பது நம் கணக்கில் ஆயிரம் பிறை கண்ட வயது. பேரன் பேத்திகள் சூழத் திருக்கடையூரில் சதாபிஷேகம் செய்துகொள்ள வேண்டிய வயதில் ஒரு கிழவர் போர்க்களத்தில் நின்றிருக்கிறார்.

இதில் இன்னொரு சங்கதி. சரித்திர வல்லாளருக்குப் பிள்ளை இருந்தான். அப்பாவுக்குப் பிறகு கொஞ்ச காலம் பட்டத்திலும் இருந்தான். அப்படியானால் பிள்ளையில்லாத ராஜா என்ற கதை எப்படி வந்தது? என் ஊகம் இதுதான். அவருக்குப் பிள்ளை இருந்தான். அவன் கொள்ளி வைக்க உடல் கிடைக்கவில்லை. மதுரைச் சுவரில் தொங்கியதை யாரும் போய் வாங்கிவர முடிந்திருக்காது. தங்கள் ஊரில் வாழ்ந்த, தங்கள் கோயிலுக்குக் கோபுரம் கட்டிய ஒரு கிழவர் ஈமக்கடன் இல்லாமல் போனதை இந்த ஊர் பொறுத்துக்கொள்ளவில்லை. மனிதப் பிள்ளையால் முடியாமல் போனதைச் செய்ய ஊரில் இருந்த பெரிய இடத்துப் பிள்ளையையே நிறுத்திவிட்டார்கள். கல்வெட்டு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை.

மலை ஏறும் நாள்

வல்லாளருக்கு நடப்பது, வயதான ஒருவருக்கு ஓர் ஊர் செய்யும் மரியாதை. முதியோருக்கென்றே ஒரு திருநாள் என்ற பேச்சு வந்தால் இன்று பலர் காட்டுவது சீனாவை. அங்கே சாந்திரமான ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் சோங்யாங் திருநாள். நம் பஞ்சாங்கக் கணக்கில் சொன்னால் வளர்பிறை நவமியை ஒட்டி வரும். 2024-ல் அது அக்டோபர் 11 அன்று வந்தது. அதே நாள் நமக்கு ஆயுத பூஜை. 2025-ல் சீனப் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் ஒன்று விழுந்ததால் அக்டோபர் 29-க்குத் தள்ளிப்போனது. 2026-ல் அக்டோபர் 18.

அந்த நாளின் பூ சாமந்தி. ஆயுத பூஜைக்கு நம் ஊர் மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி, ஸ்கூட்டர் ஹேண்டில்பாரிலும் லேத் பட்டறை வாசலிலும் தொங்குகிறதே, அதே இனம். சீனாதான் அதற்குப் பூர்வீகம். அங்கே சாமந்தியில் மது வடிப்பார்கள், டீ போடுவார்கள், கல்லறையிலும் வைப்பார்கள். நம்மிடமும் சுவாமிக்குப் போட்டது போக மிச்சம் பாடைக்குப் போகிறது.

திருநாளின் பழைய கதை பயத்தில் பிறந்தது. ஹான் வம்சக் காலத்தில் ஹுவான் ஜிங் என்று ஒருவன். ஒன்பதாம் நாளன்று உன் வீட்டுக்குப் பெரிய கெடுதல் வரப்போகிறது, குடும்பத்தை அழைத்துக்கொண்டு மலை மேல் ஏறிவிடு என்று குரு ஃபெய் சாங்ஃபாங் எச்சரிக்கிறார். ஒருவகை மூலிகைக் கனியைச் சிவப்புப் பையில் போட்டுக் கையில் கட்டிக்கொண்டு, உச்சியில் உட்கார்ந்து சாமந்தி மது குடித்துவிட்டுச் சாயங்காலம் இறங்கி வந்தால், வீட்டில் கோழி, நாய், மாடு, ஆடு எல்லாம் செத்துக் கிடக்கின்றன. மனிதர்களுக்கு வந்தது அவற்றோடு போயிற்று. அன்றிலிருந்து அந்த நாளில் மலையேறுவது வழக்கம். மலை இல்லாத ஊரில் அரிசி மாவுக் கேக் சாப்பிட்டுச் சமாளித்துக்கொள்வார்கள். ஹாங்காங்கில் அது அரசு விடுமுறை; முன்னோர் கல்லறைகளைக் கூட்டிப் பெருக்கப் போவார்கள். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஒன்பது பேரரச தெய்வங்களுக்கான ஒன்பது நாள் விரதம் அன்று முடியும். மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகளில் அந்த ஒன்பது நாளும் கூட்டம் அள்ளும்.

கெடுதலுக்குத் தப்பும் நாள், மெல்ல நீண்ட ஆயுளை வேண்டும் நாளானது. பிறகு, நீண்ட ஆயுள் வாய்த்தவர்களின் நாளாக ஆக்கப்பட்டது. 1989-ல் அதை முதியோர் நாள் என்று அறிவித்தார்கள். 2012 டிசம்பரில் திருத்திய முதியோர் உரிமைச் சட்டத்தில் அந்தத் தேதியையே எழுதிவைத்தார்கள். அதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு, தனியாக வாழும் பெற்றோரைப் பிள்ளைகள் அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும், விசாரிக்க வேண்டும் என்கிறது. 2013 ஜூலை 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கே வூஷி நகரத்து நீதிமன்றம், 77 வயதுத் தாயை இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு மகளுக்கு உத்தரவு போட்டது.

அம்மாவைப் பார்க்கப் போகக் கோர்ட் உத்தரவா என்று உலகப் பத்திரிகைகள் அப்போது சிரித்தன. சிரிக்க என்ன இருக்கிறது? 2024 முடிவில் சீனாவில் அறுபது தாண்டியவர்கள் 31 கோடிக்கு மேல். ஜனத்தொகையில் 22 சதவீதம். ஒரே குழந்தைச் சட்டத்தில் பிறந்த பிள்ளை ஷாங்காயிலோ ஷென்சென்னிலோ வேலை பார்க்கிறான். கிராமத்தில் அப்பாவும் அம்மாவும், சிலருக்குத் தாத்தா பாட்டியும் கூட. நம் கதையும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கிறது. 2021 மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டில் முதியோர் 13.6 சதவீதம், கேரளாவுக்கு அடுத்தபடி நாம்தான்.

பெற்றோர் பக்தி பற்றிச் சீனர்களிடம் பழைய கதைப் புத்தகம் ஒன்று உண்டு. யுவான் வம்சக் காலத்தில் தொகுத்த, இருபத்துநான்கு உத்தமப் பிள்ளைகளின் கதைகள். அதில் லாவ் லாய்ட்சு என்பவருக்கு வயது எழுபது. அப்பா அம்மாவுக்குத் தங்களுக்கு வயதாகிவிட்டது என்ற நினைப்பே வரக்கூடாதென்று, பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, கிலுகிலுப்பை ஆட்டி, வேண்டுமென்றே வழுக்கி விழுந்து குழந்தைபோல் அழுது காட்டுவார். வல்லாளன் கட்டிலில் சிவன் குழந்தையானதற்கு இது தூரத்து உறவு என்று சொல்லத் தோன்றுகிறது. குவோ ஜு என்பவர் கதை வேறு ரகம்: அம்மாவுக்குச் சோறு போதவில்லை என்று சொந்தக் குழந்தையைப் புதைக்கக் குழி தோண்டப் போனவர். நம் சிறுத்தொண்டர் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அதிர்ச்சி தராது. ஆனால் சீன எழுத்தாளர் லூ ஷுனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1926-ல் அவர் எழுதிய கட்டுரையில் இந்த இரண்டு கதைகளையும் பிடித்து உலுக்கியிருக்கிறார். சின்ன வயதில் குவோ ஜு கதையைப் படித்த பிறகு, வீட்டில் பணமுடை வந்தால் பாட்டிக்காகத் தன்னைப் புதைத்துவிடுவார்களோ என்று பயந்ததாகச் சொல்கிறார். நியாயமான பயம். பெரியவர்களை மதிக்கச் சொல்கிற கதைகள் பலவற்றில் அடி விழுவது சின்னவர்களுக்கு.

சீனச் சட்டமும் சரி, பழைய கதைகளும் சரி, பெற்றோர் என்றால் பெற்ற பிள்ளைதான் பொறுப்பு என்ற வரப்புக்குள் நிற்கின்றன. திருவண்ணாமலை அந்த வரப்பை எப்போதோ தாண்டிவிட்டது. இங்கே பிள்ளை முறை ரத்தத்தால் மட்டும் வருவதில்லை. அந்த நேரத்தில் இருக்கிறவர் அதை ஏற்றுக்கொள்கிறார். இந்த ஊரின் சொத்து என்று நான் நினைப்பது இதைத்தான். ராஜா கதை மட்டும் இதற்குச் சாட்சியில்லை.

கீரை கொண்டுவந்த கிழவி

1896 செப்டம்பர் 1 அன்று வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் வீட்டுக்குச் சொல்லாமல் இந்த ஊருக்கு வந்து இறங்கினான். பின்னால் ரமண மகரிஷி ஆனவர். இரண்டு வருஷம் கழித்து அம்மா அழகம்மாள் தேடி வந்து, கெஞ்சி அழுது கூப்பிட்டும் போகவில்லை. சந்நியாசி அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சாஸ்திரம் தெரிந்தவர்கள் மெச்சியிருப்பார்கள்.

பிறகு நடந்ததுதான் விசேஷம். 1914-ல் பார்க்க வந்த அம்மா காய்ச்சலில் விழுந்தபோது பக்கத்திலிருந்து கவனித்துக்கொண்டவர் அவர்தான். 1916-ல் அழகம்மாள் நிரந்தரமாகவே வந்து சேர்ந்தார். மலை மேல் ஸ்கந்தாசிரமத்தில் சமையல் தொடங்கியது அவர் வந்த பிறகுதான். கடைசி நாட்களில் மகன் இரவு பகலாகக் கூடவே இருந்தார். 1922 மே 19 அன்று, ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பல மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தகனம் செய்யாமல் மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். சமாதிக்கு அடிக்கடி இறங்கி வந்தவர் ஒரு நாள் மேலே போகாமல் அங்கேயே தங்கிவிட்டார். இன்று உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து உட்காரும் ரமணாசிரமம் வயதான ஒரு தாயின் சமாதியைச் சுற்றி வளர்ந்தது. அதன் மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949 மார்ச்சில் கும்பாபிஷேகம் நடந்தது.

பெற்ற தாய்க்குச் செய்தது ஒருபுறம் இருக்கட்டும். குகை நமசிவாயர் கோயில் பக்கம் ஒரு கிழவி இருந்தாள். அவளுக்குப் பெயர் கீரைப்பாட்டி. வேறு பெயர் ஊருக்குத் தெரியாது. மலையில் அலைந்து கையில் அகப்பட்ட கீரைகளைப் பறித்து, சமைத்து, சுவாமிக்குப் படைத்துவிட்டு, விரூபாட்ச குகையில் இருந்த இளம் சாமியாருக்கு ஒரு பங்கு கொண்டுபோய்க் கொடுப்பாள். சில நாள் அவரே அவள் இருப்பிடம் தேடிப் போய் என்ன இருக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுவாராம். பாட்டி காலமான சில வருஷங்களுக்குப் பின், 1926-ல் ஆசிரமத்துக்குக் கன்றுக்குட்டியாக வந்த லட்சுமி என்ற பசு, அந்தக் கீரைப்பாட்டியேதான் என்று அங்கே பலரும் நம்பினார்கள். லட்சுமி 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது ஆசிரமத்துக்குள்ளேயே சமாதி வைத்தார்கள். இன்றும் பார்க்கலாம்.

மண்டகொளத்தூரிலிருந்து வந்த எச்சம்மாளும் அப்படித்தான். புருஷனையும் குழந்தைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு 1907 வாக்கில் வந்தவர். தினம் சமைத்து எடுத்துக்கொண்டு மலை ஏறி, ரமணருக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். 1945-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய 38 வருஷம். பின்னாளில் ஆசிரமத்திலேயே பெரிய அடுப்பு எரிந்தது. வெளியிலிருந்து சோறு வர வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் அவர் கொண்டுவந்தது மறுக்கப்படவில்லை.

முதியோருக்கு மரியாதை என்றால் நாம் உடனே நினைப்பது அவர்களுக்கு என்ன கொடுக்கலாம் என்று. சால்வை, பழத்தட்டு, சக்கர நாற்காலி. வயதான ஒரு கை நீட்டுவதை வாங்கிக்கொள்வதும் மரியாதைதான் என்பது அவ்வளவாகத் தோன்றுவதில்லை. அம்மா செய்து அனுப்பும் புளிக்காய்ச்சலை, உப்பு ஜாஸ்தி, டாக்டர் வேண்டாம் என்கிறார் என்று தட்டிக்கழிக்கிறவர்கள் எச்சம்மாளை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளலாம்.

பதினான்கு கிலோமீட்டர்

சீனத்துப் பெரியவர்கள் திருநாளன்று மலை ஏறுகிறார்கள். திருவண்ணாமலையில் 2,668 அடி மலை கண்ணெதிரே நின்றாலும் ஏறுவது வழக்கமில்லை. மலையே லிங்கம் என்பதால் காலை வைக்கத் தயங்கி, சுற்றி வருகிறோம். ஏற அனுமதிப்பது கார்த்திகை தீபத்தை ஒட்டித்தான். 2024-ல் அதுவும் இல்லை. ஃபெஞ்சல் புயல் மழையில் அந்த டிசம்பர் 1 அன்று மலைச்சரிவு வ.உ.சி. நகர் வீடுகள் மேல் சரிந்து ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தார்கள். டிசம்பர் 13 தீபத்துக்கு, கொப்பரையையும் நெய்யையும் சுமந்து போனவர்கள் போன்ற சிலரைத் தவிர யாரையும் விடவில்லை. ஹுவான் ஜிங் கதையில் வீட்டுக்கு வந்த கெடுதலுக்குத் தப்ப மலைமேல் ஏறினார்கள். இங்கே மலையே வீட்டுக்கு வந்துவிட்டது.

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் நடந்தால் கூட்டத்தில் பாதி நரைத்த தலைகளாக இருக்கும். செருப்பில்லாமல், தோளில் ஒரு மஞ்சள் பையோடு, பதினான்கு கிலோமீட்டர். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டு அக்னி லிங்கத்தில் உட்கார்ந்து எழுந்து, யம லிங்கத்தில் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்று கும்பிட்டு, நிருதி லிங்கம் தாண்டிச் சுக்குக் காபி குடித்து மேலே போவார்கள். குபேர லிங்கம் கடந்தால் இடுக்குப் பிள்ளையார் கோயில். ஆள் நுழைய முடியாது என்று தோன்றும் சந்து. பின்பக்கமாகப் புகுந்து ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, வளைந்து நெளிந்து முன்பக்கம் வெளியே வர வேண்டும். இடுப்பு வலி, முதுகு வலி போகும் என்று நம்பிக்கை. கனத்த பாட்டி ஒருத்தி பாதியில் சிக்கிக்கொண்டால், முன்னால் நிற்கும் யாரோ ஒரு பையன் இரண்டு கையையும் பிடித்து இழுப்பான். பின்னால் யாரோ ஒரு பெண் காலைத் தள்ளிவிடுவாள். வெளியே வந்ததும் பாட்டி சேலையை உதறிக் கட்டிக்கொண்டு, இழுத்தவன் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள். அவன் எந்த ஊரோ, இவள் எந்த ஊரோ.

அதே பாதையோரம் வருஷக்கணக்காக உட்கார்ந்திருக்கும் கிழவர்களும் உண்டு. காவி கட்டியவர்கள் எல்லோரும் சாமியார் இல்லை. மகனோடு மனஸ்தாபம், மருமகளோடு ஒத்துவரவில்லை, பாகம் பிரித்தபோது அப்பா யார் பாகத்திலும் வரவில்லை. அன்னதானத்துக்குக் குறைவில்லாத ஊர் என்று கேள்விப்பட்டு வந்து தங்கிவிட்டவர்கள். வீடு எங்கே என்று கேட்டால் மலையைக் காட்டுவார்கள். அதற்கு மேல் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டார்கள்.

இருக்கும்போது ஒரு வாய் கஞ்சி ஊற்றாதவன் செத்த பிறகு வடை பாயசத்தோடு இலை போடுகிறான் என்ற ஏச்சு நம் எல்லா ஊர்களிலும் உண்டு. மாசி மகத் திதியைப் பார்த்துவிட்டு இவர்களைப் பார்த்தால் அந்த ஏச்சு காதில் விழத்தான் செய்கிறது. சீனர்கள் கல்லறைக்கும் போகிற ஒரு நாளை உயிரோடு இருப்பவர்களின் நாளாகவும் திருப்பிக்கொண்டார்கள். நம்மிடம் திதி திதியாகவே நிற்கிறது.

சட்டம் நம்மிடமும் இருக்கிறது. சீனாவின் திருத்தத்துக்கு முன்பே வந்துவிட்டது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. போய்ப் பார், விசாரி என்று மனசைத் தொடும் வார்த்தை எதுவும் அதில் கிடையாது. நேரே பணத்துக்கும் சொத்துக்கும் வருகிறது. கவனிக்காத மகன், மகள், வயது வந்த பேரப்பிள்ளைகள் மேல் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்கும். 90 நாளில் முடிக்க வேண்டும். இரு தரப்பும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது என்றும் எழுதியிருக்கிறது. கடைசிவரை பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையோடு வீட்டை எழுதி வாங்கிய பிள்ளை கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்ய 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. முதியவரை எங்கேயாவது கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தால் மூன்று மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பிள்ளை இல்லாதவர்களையும் அந்தச் சட்டம் மறக்கவில்லை. அவர்களுடைய சொத்தை அனுபவிக்கிற, அல்லது அவர்களுக்குப் பிறகு அடையப்போகிற வாரிசு உறவினர்தான் பராமரிக்க வேண்டும். சொத்தே இல்லாத பிள்ளையில்லாதவர் யாரிடம் போவார் என்பதற்கு, மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது அரசு வைக்கலாம் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தில் ‘வைக்கலாம்’ என்று எழுதினால் நடைமுறையில் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. மற்றபடி இருப்பது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 1962-ல் தொடங்கிய திட்டம். 2023 ஆகஸ்டில் அது மாதம் 1,200 ரூபாய் ஆனது.

சட்டத்தின் 5-ஆம் பிரிவில் ஒரு சந்து இருக்கிறது, இடுக்குப் பிள்ளையார் கோயில் சந்துபோலச் சின்னதாக. முதியவரால் மனுக் கொடுக்க முடியாவிட்டால், அவர் ஒப்புதலோடு வேறு யாராவது கொடுக்கலாம், தொண்டு அமைப்பு கொடுக்கலாம், அதுவும் இல்லாவிட்டால் தீர்ப்பாயம் தானாகவே எடுத்துக்கொள்ளலாம். அந்த ‘வேறு யாராவது’ முதியவருக்கு என்ன உறவு என்று சட்டம் கேட்கவில்லை.

திங்கட்கிழமைகளில் வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனுவை மடித்துப் பிடித்துக்கொண்டு வரும் பெரியவர்களில் பலருக்குக் கேட்கத் தெரிந்தது உதவித்தொகை மட்டும். கோட்டாட்சியர் ஆபீசில் தங்களுக்கென்று ஒரு தீர்ப்பாயம் இருப்பதோ, 14567 என்ற எண்ணில் கூப்பிட்டால் விவரம் சொல்வார்கள் என்பதோ அவர்களுக்கு எட்டவில்லை. பஸ் பிடித்து வேங்கிக்கால் வரக்கூட எல்லோராலும் முடிவதில்லை. அப்படி வராதவர்கள் சிலர் கிரிவலப் பாதையில் இருக்கிறார்கள். பௌர்ணமிதோறும் அங்கே மருத்துவ முகாம் போடுகிறார்கள், போலீஸ் கூடாரம் போடுகிறார்கள். அதே கூடாரத்தில் கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஒரு ஆளும், ஒரு மேசையும், எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள ஒரு கட்டு வெள்ளைத்தாளும் வைப்பதற்கு அரசாணை வேண்டியதில்லை, ஆட்சியர் நினைத்தால் போதும்.